என் கணவரின் பெயரில் ஓடியவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. சென்னையில் வருடா வருடம் மாரத்தான் நடக்கிறதே, அந்த நாள். மயிலாப்பூரில் எங்கள் வீடு. விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் என் கணவர் கட்டிலில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தபடியே கடற்கரைச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தார். இவள் என்ன உளறுகிறாள் என்று நினைக்காதீர்கள், சொல்கிறேன்.

என் கணவருக்கு ஐம்பதை நெருங்கும்போது திடீரென்று ஓட்டப் பைத்தியம் பிடித்தது. அதுவரை தெருமுனைக்குத் தயிர் வாங்கப் போகவே ஸ்கூட்டரை எடுக்கிற மனிதர். டாக்டர் ஏதோ சொல்லி பயமுறுத்த, பெசன்ட் நகர் கடற்கரையில் காலையில் ஓடும் ஒரு கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டார். அங்கே கிடைத்த நண்பர்தான் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். என் கணவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் எங்கள் வீட்டிலும் சரி, அந்தக் கூட்டத்திலும் சரி, எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான்.

இரண்டு பேரும் ஓடியதைவிடப் பேசியதுதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஓடி முடித்துவிட்டு வேர்வையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, உட்காரச் சொன்னால்கூட உட்காராமல் நின்றுகொண்டே காபி குடிப்பார் அண்ணாச்சி. சோபா நனைந்துவிடுமாம். நான் அடுப்பில் வைத்திருக்கும் பாத்திரத்தை எட்டிப் பார்த்து, அடி மெலிசாக இருக்கிறது, பால் அடிப்பிடிக்கும் என்று குறை சொல்வார். அடுத்த வாரமே அடிகனமான ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அப்படி ஒரு மனிதர்.

அந்த வருடம் இரண்டு பேரும் சேர்ந்து அரை மாரத்தான் ஓடுவதாகத் திட்டம். என் கணவர் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டார். அண்ணாச்சி தீபாவளி வியாபாரத்தில் மறந்தே போய்விட்டார். நினைவு வந்தபோது பதிவு முடிந்திருந்தது. சின்னப் பிள்ளை மாதிரி முகம் தொங்கிப்போயிற்று அவருக்கு. ஆனாலும் பயிற்சிக்கு வருவதை நிறுத்தவில்லை. அன்றைக்கு ரோட்டோரம் நின்று கைதட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது என் கணவருக்கு நல்ல ஜுரம். சனிக்கிழமை சாயங்காலம் மாதுளம்பழத்தோடு பார்க்க வந்தார் அண்ணாச்சி. அவர் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் என் கணவர் பீரோவைத் திறந்து, சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஓடுகிறவர்கள் அதை பிப் என்பார்கள். முன்பக்கம் எண்ணும், ஓடுகிறவரின் பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கும். வழியில் நிற்பவர்கள் பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்த வேண்டும் என்பதற்காக அப்படி. பின்பக்கம் ரத்த வகை, உடம்புக்கு ஏதாவது இருந்தால் அது, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண். அந்த இடத்தில் என் எண் இருந்தது.

ஒருவர் பிப்பை இன்னொருவர் குத்திக்கொண்டு ஓடக் கூடாது என்று விதி உண்டு. ஆனால் ஓடுகிறவர்கள் மத்தியில் இது சர்வ சாதாரணம். ரயிலில் ஜன்னல் சீட்டை மாற்றிக்கொள்வது போலத்தான். உடம்பு சரியில்லாதவர் கொடுப்பார், பதிவு செய்யாதவர் வாங்கிக்கொள்வார், வீணாய்ப் போகாமல் யாரோ ஓடினார்களே என்று இரண்டு பேருக்கும் சந்தோஷம். பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

அண்ணாச்சி அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு எங்கள் ஹால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்கு ஒரு நாள் அண்ணன் பேரக் காப்பாத்திக் குடுத்துருதேன்க்கா" என்றார் என்னிடம்.

மறுநாள் விடியற்காலையில்தான் அந்தக் கூத்து. பிப்பின் பின்னால் ஒரு சின்ன சிப் ஒட்டியிருக்கும். ஓடுகிறவர் எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்று வீட்டிலிருந்தபடியே ஃபோனில் பார்க்கலாம். என் கணவர் பெயருக்கு நேராக ஒரு புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. போர்வைக்குள்ளிருந்து அவர் நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தார். நொச்சிக்குப்பம் வந்துட்டேன், சாந்தோம் தாண்டிட்டேன் என்று. இவ்வளவு வேகமாக ஓடுகிற ஆள் எழுந்து பல் தேய்த்தால் தேவலை என்றேன் நான். அந்த ஜுரத்திலும் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அடையாறு பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் புள்ளி நின்றுவிட்டது. சிப் மக்கர் செய்கிறது என்றார் அவர். நான் கஞ்சி வைக்கப் போனேன்.

அப்போதுதான் என் ஃபோன் அடித்தது. ஒரு பெண் குரல். என் கணவரின் முழுப் பெயரைச் சொல்லி, நீங்கள் அவருடைய மனைவிதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஓடும்போது விழுந்துவிட்டார், பேச்சு மூச்சு இல்லை, அடையாறில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே கிளம்பி வாருங்கள் என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. கரண்டியோடு அறைக்கு ஓடினேன். அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அப்பாடா என்று இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், முதலில் வந்தது அந்த அப்பாடாதான். அவர் இங்கேயே இருக்கிறார் அம்மா, நீங்கள் வேறு யாரையோ சொல்கிறீர்கள் என்று ஃபோனில் பாதி சொல்லிவிட்டேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. யாரென்று தெரிந்துவிட்டது.

அந்தப் பெண்ணிடம் விஷயத்தை விளக்கிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் இவர் இல்லை, பின்னால் போட்டிருக்கும் ரத்த வகை அவருடையது இல்லை, அவர் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்று கத்திக் கத்திச் சொன்னேன். அப்படியானால் அவர் வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள் என்றாள். எப்படிச் சொல்வது? எங்களிடம் இருந்தது அண்ணாச்சியின் எண் மட்டும்தான். அதை அடித்தால் அடித்துக்கொண்டே இருந்தது. ஃபோனை எந்த வண்டிப் பெட்டிக்குள் வைத்திருந்தாரோ.

என் கணவர் ஜுரத்தோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வேண்டாம் என்று தடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் ஆட்டோ பிடித்து தி.நகரில் அண்ணாச்சியின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து சிரித்தார்.

"என்னக்கா காலங்காத்தால? அவுக ஓடல்லா போயிருக்காக."

அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. ஓடும்போது மயக்கம் வந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். கையில் இருந்த கோலமாவைக்கூடக் கழுவாமல் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். தண்ணீர் குடிக்காமல் ஓடியிருப்பார், அதுதான் மயக்கம் என்று எனக்கு அவர்தான் சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தார்.

நந்தனம் தாண்டியதும் ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டினார். மாரத்தானுக்காக அடையாறு பக்கம் ரோட்டை மூடிவிட்டார்கள், அவ்வளவு தூரம் வண்டி போகாது என்றார். நான் அவர் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் மறுபடியும் வண்டியைக் கிளப்பினார்.

"குந்தும்மா. கோட்டூர்புரம் வழியா பூந்து இட்டுக்கினு போறேன். எதுவரிக்கும் உடுறானோ அதுவரிக்கும் போலாம்."

சந்து சந்தாகப் புகுந்து, கேட்ட போலீஸ்காரர்களிடமெல்லாம் கெஞ்சி, ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஆனால் நாங்கள் நின்றது ரோட்டுக்கு இந்தப் பக்கம். நடுவில் ஓட்டம் போய்க்கொண்டிருந்தது.

தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஓடுகிறவர்கள் அலை அலையாக வந்துகொண்டே இருந்தார்கள். மேளம் அடித்தார்கள். வாழைப்பழம் நீட்டிக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இருந்த பெயரைப் படித்து, கமான் சார், சூப்பர் சார் என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அண்ணாச்சியின் மனைவி ஓடி வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காகப் பார்க்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. மயக்கம் தெளிந்து அவர் திரும்பவும் ஓட வந்திருக்கலாம் இல்லையா? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கிடைத்த இடைவெளியில் ரோட்டைக் கடந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் என் கணவர் தரையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மாவுக்கு விஷயம் பெரிது என்று புரிந்தது.

உள்ளே வரவேற்பில் இருந்தவர், பெயர் தப்பாகப் பதிவாகியிருக்கிறதாமே, பேஷன்ட்டின் சரியான பெயர் என்ன என்று அண்ணாச்சியின் மனைவியிடம் கேட்டார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய ஊர்ப்பக்கத்துப் பழக்கம் அது. கணவன் பெயரை மனைவி வாயால் சொல்லக் கூடாது. பள்ளிக்கூடத்தில், பாங்க்கில் கேட்டால்கூட மகளைத்தான் சொல்லச் சொல்வாராம். நான்தான் சொன்னேன். அதுவும் சட்டென்று வரவில்லை, அண்ணாச்சி அண்ணாச்சி என்றே பழகிவிட்ட எனக்கு அவர் பெயரை யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் எங்கள் இரண்டு பேரை மட்டும் விட்டார்கள். ஆம்புலன்ஸில் வரும்போது ஒருமுறை நின்றுபோன இதயத்தை மீட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். மறுபடியும் எந்த நிமிடமும் நின்றுவிடலாம் என்று டாக்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். வாயில் குழாய். பனியனைக் கத்தரித்திருந்தார்கள். காலில் புது ஷூ அப்படியே இருந்தது. ஒரு நர்ஸ் அவர் கன்னத்தைத் தட்டி, காதருகே குனிந்து, சார், சார், கண்ணைத் திறங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். என் கணவரின் பெயரை.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கையில் கட்டியிருந்த பட்டையில் அந்தப் பெயர்தான் இருந்தது. விழுந்த இடத்தில் தாங்கிப் பிடித்தவர்களும் ஆம்புலன்ஸில் கூட வந்தவர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவரை எழுப்பப் பார்த்திருப்பார்கள்.

"யாரக் கூப்பிடுதாக?" என்று கேட்டார் அண்ணாச்சியின் மனைவி.

பதிலுக்காக அவர் காத்திருக்கவில்லை. நர்ஸை மெல்ல விலக்கிவிட்டு, கணவரின் தலைமாட்டில் குனிந்தார். கோலமாவு காய்ந்த கையால் அவர் நெற்றியைத் தடவினார். பிறகு அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முதலில் சத்தமே வரவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அப்புறம் அந்த அறை முழுவதும் கேட்டது. ஏங்க, என்னங்க எதுவும் இல்லை. ஒரு தாய் தெருவில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவது மாதிரி, வெறும் பெயர். கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நர்ஸ் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு நின்றுவிட்டாள். யாரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை.

கண் திறந்தாரா என்று கேட்பவர்களிடம் நான் பொய் சொல்வதில்லை. திறக்கவில்லை. அவர் மனைவி கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது.

பிப்பில் இருந்த தகவல் சரியாக இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பெரிய மாரடைப்பு, யார் பெயரில் ஓடினாலும் வந்திருக்கும் என்றார். என் கணவர் தலையாட்டினார். ஆனால் அன்றோடு ஓடுவதை விட்டுவிட்டார். வெளியில் யாராவது அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இப்போதும் ஒரு கணம் திடுக்கிட்டுத்தான் திரும்புகிறார்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அண்ணாச்சியின் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி எங்கள் மீது கோபமாக இருப்பார், திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்று நினைத்துத்தான் போனேன். அவர் திட்டவில்லை. காபி கொடுத்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரோட்டில் நின்ற பிள்ளைகளெல்லாம் அண்ணன் பேரைச் சொல்லித்தானே அவுகளுக்குக் கைதட்டியிருப்பாக என்று கேட்டார். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். என் கணவர் எழுந்து வெளியே போய்விட்டார். ஆமாம் என்றேன்.

"பேரு சொன்னா ஆயுசு கொறையும்னு நான் அவுக பேர ஒரு தடவகூட சொன்னதில்லக்கா. அன்னைக்கு எல்லாத்துக்கும் சேத்துக் கூப்பிட்டுட்டேன்" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுவதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. அன்று காலை முழுவதும் ஊரே வேறொரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட அந்த மனிதருக்கு, போகிற நேரத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவர் மனைவியைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடிந்ததே என்ற ஒன்றைத்தான், அவரை நினைத்து மனசு தாங்காத நாட்களில் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.