எந்தக் கோயில் பாம்பு?

பெட்டியின் மூடியைத் தொடுமுன் வளையல்களைக் கழற்றி டவராவில் போட்டுவிடுகிறார் சாலா ஆச்சி. "செதில்ல ஒரசுமுல்ல?" பிறகு கழுத்தையும் பிடிக்காமல் வாலையும் பிடிக்காமல், இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்துப் பூத்தட்டைப் போலப் பாம்பைத் தூக்குகிறார்.

திருமயத்துக்குப் பக்கத்து ஊரில், சமையலறைக்கு அடுத்த அறையில் பதினொரு பந்து மலைப்பாம்புகள். ஆப்பிரிக்க இனம், விஷமில்லை; பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். வனத்துறையில் பதிந்த காகிதம் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. கணவர் சோமு, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், அந்தக் கதவு வரைக்கும்தான் வருவார்.

பாம்புகளுக்கு ஆளுக்கொரு கோயில் உண்டு. நகரத்தார் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தகப்பன் வழியில் ஒரு கோயில். ஒரே கோயிலுக்குள் சம்பந்தம் செய்வதில்லை. பாம்புகளை இணை சேர்க்க ஆச்சியும் அதே முறையை வைத்து, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். தகப்பன் பாம்பு அறந்தாங்கியில் வாங்கியதென்றால் பிள்ளைகள் அறந்தாங்கிக் கோயில். விராலிமலையில் வாங்கியதென்றால் விராலிமலைக் கோயில்.

"நம்ம மகளுக்கு மாப்பிள்ளை பாக்கயில இம்புட்டு விசாரிச்சியா?" என்பார் சோமு.

"அவளுக்கு வாய் இருக்கு, புடிக்கலைன்னா சொல்லுவா. இதுக சொல்லுமா?"

திருச்சியிலிருந்து ராம்நாத் என்று ஒருவர் போன் செய்தார். "அண்ணன் தங்கச்சியா இருந்தாலும் பரவால்ல ஆச்சி, சேத்து விடுங்க. எனக்கு அந்த வெள்ளைக் கலர்லதான் குட்டி வேணும்."

"கலருதானே? பெயிண்ட் அடிச்சுக்கங்க தம்பி." போனை வைத்துவிட்டார் ஆச்சி.

அப்படிப்பட்டவருக்கே போன வருஷம் கணக்குத் தப்பிப்போனது. அறந்தாங்கிக் கோயில் ஆணையும் விராலிமலைக் கோயில் பெண்ணையும் சேர்த்தார். நோட்டுப்படி குறையே இல்லை. ஆறு முட்டை. நான்கு குட்டிகள் முதுகெலும்பு முறுக்கிச் செத்தன. ஒரு முட்டை பொரிக்கவே இல்லை. ஒன்று மட்டும் உயிரோடு வந்தது, கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று செதில் மூடி.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் பல் விளக்கும்போது பிடிபட்டது: சேர்த்து வைத்த இரண்டுக்கும் தாய் ஒன்று. செவந்தி என்ற மூத்த பாம்பு ஒரு வருஷம் அறந்தாங்கி ஆணோடும், மறு வருஷம் விராலிமலை ஆணோடும் சேர்ந்திருந்தது. நோட்டில் தகப்பன் பேர் மட்டும்தான் எழுதியிருந்தார்.

"மனுசருக்கு ஆத்தா யாருன்னு எழுதி வைக்கணுமா, ஊருக்கே தெரியும். இதுகளுக்கு நாந்தானே ஊரு? நானே மறந்துட்டேன்."

கண்ணில்லாத குட்டிக்குக் கண்ணாத்தா என்று பேர். வெதுவெதுப்பான எலியை இடுக்கியில் நீட்டினால் தலை ஒரு நூலளவு திரும்பும். உதட்டோரக் குழிகளாலேயே சூட்டைப் பார்க்கிறது. அடுத்த நொடி பாய்ச்சல். ஒரு தடவைகூடக் குறி தப்பியதில்லை. "இங்க பாருங்க, இங்கிட்டு வந்து பாருங்களேன்!" என்று ஒவ்வொரு முறையும் முதல்முறை போலக் கூப்பிடுகிறார், கையில் மயிர்க்கூச்செறிய. அதை விற்பதில்லை. இணை சேர்ப்பதுமில்லை.

நோட்டில் இப்போது தாய்க்கும், தாயைப் பெற்ற தாய்க்கும் கட்டம் உண்டு. இந்த வருஷம் செவந்திக்கு மணமேல்குடியில் இதே பாம்பு வளர்க்கும் ஷர்லி வீட்டிலிருந்து ஒட்டு உறவில்லாத ஓர் ஆண். "வெளி ரத்தம் சேந்தும் கோணலாப் பொறந்துச்சுன்னா, எல்லாத்தையும் நல்ல கையாப் பாத்துக் குடுத்துட்டு இந்த வேலையவே விட்டுடுறேன்" என்று சோமுவிடம் சொல்லியும்விட்டார். தெர்மாகோல் பெட்டிக்குள் முட்டைகளுக்கு முப்பத்திரண்டு டிகிரி. ஐம்பத்தெட்டு நாள்.

ஐம்பத்தொன்பதாம் நாள் காலை முதல் முட்டையில் கீறல் விழுந்தது. ஜன்னல் சாத்திய அறையில் ஆச்சி டார்ச்சோடு குனிந்தார். ஈர மூக்கொன்று நீண்டது, உள்ளே போனது, மறுபடி நீண்டது.

"இருக்கா?" சோமுவின் குரல் காதோரம் கேட்டது. கதவைத் தாண்டி வந்திருந்தார்.

மிளகு போல இரண்டு கறுப்புப் பொட்டுகள் வெளிச்சத்தில் மின்னின. பொசுக்கென்று ஆச்சி டார்ச்சை உள்ளங்கையால் பொத்தினார், புதுக் கண் கூசிவிடாமல்.