சிப்பி ஒட்டிய தெர்மாகோல்

கொண்டாப்பூரில் எங்கள் வாடகை ஃப்ளாட்டின் பாத்ரூமுக்குள் வென்டிலேட்டர் வழியாகப் புறாக்கள் வந்து அசிங்கம் செய்துகொண்டே இருந்தன. டி.வி. பெட்டியில் வந்த தெர்மாகோலை அளவாக வெட்டி, நீலப் பெயின்ட் அடித்து, தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த சிப்பிகளை ஒட்டி, அந்தத் திறப்பை இறுக்கமாக அடைத்தேன்.

“நல்லாத்தான் இருக்கு. புறாத் தொல்லையும் விட்டுச்சு” என்றார் கணவர். பெருமையாக போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை மகள் குளிக்கப் போனாள். கேஸ் கீசர் உள்ளேதான் இருந்தது. ஷவர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால் நான் பாட்டுக்கு தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கூல் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று கதவைத் தட்டினால் பதில் இல்லை. கணவர் தாழ்ப்பாளை உடைத்தார். அவள் தரையில் கிடந்தாள். மேலே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து, வெகுநேரம் கழித்துத்தான் கண் திறந்தாள். “மம்மீ, தல திருகுதோந்தி” என்றாள். தலை சுற்றுகிறதாம். இந்த ஊர் ஸ்கூலில் பழகிய தெலுங்கை வீட்டில் பேசாதே என்று தினமும் திட்டுகிறவள், அன்று அதைக் கேட்டுத்தான் அழுதேன். கேஸ் எரியும்போது வாசனையே இல்லாத விஷவாயு வருமாம். அது வெளியேறும் வழியை நான் அடைத்திருக்கிறேன் என்றார் டாக்டர்.

இப்போது கீசர் பால்கனியில் இருக்கிறது. வென்டிலேட்டரைத் திறந்தே வைத்து, புறா எச்சத்தைத் தினமும் கழுவுகிறேன். மகள் குளிக்கும்போது கதவருகே நின்று பேச்சுக் கொடுக்கிறேன். “மம்மீ, ப்ளீஸ்!” என்று எரிந்து விழுகிறாள். விழட்டும். வெறும் தண்ணீர்ச் சத்தத்தை நான் இனி நம்புவதாக இல்லை.