மார்சலினா நடித்த படம்

பூந்துறைக் கடற்கரை மார்சலினாவுக்குத் திருவனந்தபுரம் சாஸ்தமங்கலத்தில் அறுபது வீடுகள் வாடிக்கை. காலை எட்டு மணிக்கு வேனிலிருந்து இறங்கி மீன் சருவத்தைத் தலையில் ஏற்றினால், கடைசி வாசலில் இறக்க மதியம் ஒன்றாகிவிடும். அந்த அறுபதில் ஒன்று அனகாவின் வீடு. முதல் படம் எடுக்க அலைந்துகொண்டிருந்த பெண். ஒருநாள் அயிலை விலையில் இழுபறியாகி, மார்சலினா விட்ட ஏச்சை முழுசாகக் கேட்டுவிட்டு, "சேச்சி, என் படத்துல நடிக்கிறீங்களா?" என்றாள்.

"மீனு வாங்காம தப்பிக்க இப்படி ஒரு வழியா மோளே?"

ஆனால் நடித்தாள். கடலுக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் தாய் வேஷம், பதினொரு நாள் வேலை. வசனம் நாலே வரி. மற்ற நேரமெல்லாம் நில், நட, கடலைப் பார். ஏச்சைக் கேட்டுக் கூப்பிட்டவள் வாயைத் திறக்கவே விடவில்லையே என்று மார்சலினாவுக்கு மனத்தாங்கல்தான்.

அடுத்த ஒரு வருடம் படம் வெளிநாட்டு விழாக்களைச் சுற்றியது. போகிற இடமெல்லாம் அனகா போட்டோ எடுத்து அனுப்புவாள். பனி பெய்கிற ஏதோ ஒரு ஊரில், ஆளுயரச் சுவரொட்டியில் மார்சலினா.

"நான் போகாத ஊருக்கெல்லாம் என் மூஞ்சி போயிருக்குடி" என்று வேனில் போனைக் காட்டினாள்.

"மூஞ்சி மட்டும் போனது நல்லதாப் போச்சு. நீ போயிருந்தா அங்கயும் சருவத்தை இறக்கியிருப்ப" என்றாள் உடன் விற்கும் ஜெசிந்தா.

டிசம்பரில் படம் திருவனந்தபுரம் விழாவுக்கு வந்தது. இருக்கை போதாமல் படிகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். முடிந்ததும் மார்சலினாவை மேடையேற்றினார்கள். தாடி வைத்த இளைஞன் ஒருவன் மைக்கை வாங்கினான்.

"கடலைப் பார்த்து நாலு நிமிஷம் அசையாம நிக்கிறீங்களே, அப்ப மனசுல என்ன ஓடிச்சு?"

"ஐஸ் உருகுதேன்னு ஓடிச்சு மோனே. சருவத்தை வெயில்ல வச்சிட்டு வந்திருந்தேன்."

அரங்கம் எழுந்து கைதட்டியது. எதற்கு இத்தனை தட்டு என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரியில் தியேட்டருக்கு வந்தது. சாஸ்தமங்கலத்துக்குப் பக்கத்திலேயே, தினம் ஒரே காட்சி, பதினொன்றே காலுக்கு. சரியாக வியாபார நேரம். இருந்தும் முதல் நாள் மார்சலினாவும் ஜெசிந்தாவும் இன்னும் நாலு பெண்களும் விற்பனையை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சேலையில் வந்து நின்றார்கள். அவர்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

"பத்துப் பேராவது வேணும் சேச்சி. இல்லேன்னா ஓட்ட முடியாது" என்றார் மேனேஜர்.

"ஆறு பேரு மனுஷங்க இல்லியா சாரே?"

"கம்பெனி ரூல். நான் என்ன பண்ண?"

"சரி, அரை மணி நேரம் குடுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு நடந்தாள். எந்த வீட்டில் யார் இந்நேரம் சும்மா இருப்பார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

"அம்மோவ், வாங்க, படம் பாக்கலாம்!"

மீன் கூவும் அதே குரல். தையல்கார ஓமனா கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். பென்ஷன் வாங்கும் தபால்காரர் மனைவியோடு வந்தார். ஆள் போதவில்லை என்று அடுக்குமாடி வாட்ச்மேனையும் இழுத்து வந்தாள். பத்து ஆனது. பதினொன்று ஐம்பதுக்கு விளக்கை அணைத்தார்கள்.

"எத்தனை நேரம்டி உன் முதுகையே காட்டுவாங்க?" என்றாள் ஜெசிந்தா.

"அது கலை. பேசாம பாரு."

தபால்காரர் இடைவேளைக்கு முன்பே குறட்டை விட்டார். வாட்ச்மேன் மட்டும் கடைசிவரை முன்னால் சாய்ந்து பார்த்தார். வெளியே வந்ததும், "சேச்சி, அந்தப் பையன் திரும்பி வந்தானா, இல்லையா?" என்று கேட்டார்.

"டைரக்டர்கிட்ட நானும் கேட்டேன். அவளுக்கே தெரியலயாம்."

"என் மச்சினன் போட்டுல கடலுக்குப் போனவன். எங்களுக்கும் தெரியல" என்றார் அவர்.

மார்சலினா அவரோடு கூடவே குடியிருப்பின் கேட் வரை நடந்து போய்விட்டுத் திரும்பினாள்.

ஆள் சேர்ந்த நாலு நாள்தான் படம் ஓடியது. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பெரிய நடிகரின் படம் வந்து எல்லாக் காட்சிகளையும் எடுத்துக்கொண்டது. மார்சலினா வழக்கம்போலச் சாளை மீன் விற்றாள். மே மாதம் அனகா இரண்டாவது படத்துக்குக் கூப்பிட்டபோது, வருவதாகச் சொன்னாள். இந்தத் தடவை நன்றாக ஏசுகிற மாதிரி ஒரு காட்சியாவது வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.