சோதனையை அணைக்கச் சொன்னவள்

கிளிநொச்சியில் ஒரு டயர்க் கடைக்கு மேலே இருந்த அறையில், ஒரே மேசையில், நானும் அவரும் வேலை செய்தோம். வெளிநாட்டு நிறுவனமொன்றின் சின்னக் கருவிகளுக்கு இயங்குதளத்தின் அடிநிரலான கர்னலைத் திருத்திக் கொடுப்பது தொழில். சண்டை பிடிப்பது பொழுதுபோக்கு. கீழே காற்றடிக்கிற சத்தத்துக்கு மேலால் கத்துவோம்.

சண்டை எப்போதும் ஒன்றுதான். ஒரு நிரல், நினைவகத்தில் தனக்குத் தந்த இடத்தைத் தாண்டி எழுதிவிடும், பக்கத்துக் காணிக்குள் வேலியைத் தள்ளிப் போடுகிற மாதிரி. ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். பிறகொருநாள் சம்பந்தமே இல்லாத இடத்தில் எல்லாம் விழுந்துவிடும். அதைக் கையும் களவுமாகப் பிடிக்க, கருவிக்குள்ளேயே ஓடுகிற ஒரு சோதனை உண்டு, ஆனால் அது கருவியை மெதுவாக்கும். வெளியே அனுப்பும்போது அணைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. எப்போதும் ஓடட்டும் என்பது அவருடைய கட்சி.

"எங்கட வயலில கண்ணிவெடி எடுத்து முடிஞ்சுது எண்டு கடதாசி தந்தவங்கள்," என்பார். ஸ்கந்தபுரத்துக்காரர். "அப்பா இண்டைக்கும் மழை விட்டாப் பிறகு ஒருக்கா நடந்து பாத்திட்டுத்தான் டிராக்டரை இறக்குவார். மண் கழுவுப்பட்டா கீழ கிடந்தது மேல வரும்."

"நடந்து பாத்துக்கொண்டே இருந்தா எப்ப உழுறது?"

"முழுக்கப் பாக்கச் சொன்னனானே? அங்கொண்டு இங்கொண்டாப் பாப்பம். கொஞ்சம்தான் சுணங்கும். ஆயிரம் பேரிட்டக் கருவி ஓடேக்க ஒராளிட்டயாவது பிழை பிடிபடும்."

"நீர் சரியான பயந்தாங்கொள்ளி," என்பேன். அவர் சிரிப்பார். எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வரும்.

பிறகு அவருக்கு ஒரு குளிர் நாட்டில் பெரிய வேலை கிடைத்தது. பஸ் ஏற முதல், "சண்டை முடியேல்லை. வந்து முடிப்பம்," என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வாரும் என்று நான் ஒருபோதும் எழுதவில்லை. என் வாய் அப்படி, திட்ட வரும், கூப்பிட வராது. முதலில் வாராவாரம் கதைத்தோம், பிறகு பொங்கலுக்கும் வருசத்துக்கும் மட்டும். மேசையின் மறுபக்கத்தில் வேறொருவரை இருத்த எனக்கு மனம் வரவில்லை. நானும் சோதனையை அணைக்காமலே அனுப்பத் தொடங்கியிருந்தேன். அதை அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் சண்டை முடிந்துவிடும்.

இந்த மாரியில், கர்னல் எழுதுகிறவர்கள் கூடி விவாதிக்கிற மின்னஞ்சல் குழுவில் இதே கேள்வி எழுந்தது. அவரும் அதில் இருக்கிறார். வேண்டுமென்றே எழுதினேன்: சோதித்து முடிந்தால் முடிந்ததுதான், அணையுங்கள். எந்தெந்த நாட்டுக்காரரோ எல்லாம் எனக்குப் பாடம் எடுத்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பெயரைத்தான். அவர் கொதித்தெழுந்து வருவார் என்று எவ்வளவு ஆசையாக இருந்தது!

வந்தார். ஆங்கிலத்தில், மரியாதையாக நாலு வரி. தாங்களும் இப்போது அணைத்துத்தான் அனுப்புகிறார்களாம். ஆட்சேபணை இல்லையாம். அந்தப் பெண் சொல்வது சரியாம்.

வென்றவள் அழுதாள் என்றால் யார் நம்புவார்கள்?

அப்படியென்றால் அணைத்துவிடலாமா என்று குழுவில் கேட்டார்கள். வேண்டாம், எப்போதும் ஓடட்டும் என்று எழுதினேன். எல்லோரும் குழம்பிப் போனார்கள். குழம்பட்டும். பிறகு அவருக்குத் தனியாக, தமிழில் எழுதினேன்: "நீர் சொல்லுறது பிழை. வாரும்."