அலையில்லாத நாட்களுக்கு அஞ்சியவர்

திருகோணமலையிலிருந்து காலையில் வந்த லாஞ்ச் படகில் நாகேஸ்வரி ரீச்சர் இல்லை. மூதூர் இறங்குதுறையில் காத்து நின்ற என்னிடம், "ரீச்சர் விடியப்புறம் காலமாயிட்டா" என்றார் லாஞ்ச்காரர். நான் கடலைப் பார்த்தேன். ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. இப்படிக் கிடக்கும் கடலுக்குத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் பயந்தார்.

பதினொரு வருடம் இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். மாரிகாலத்தில் லாஞ்சைக் கடல் தூக்கித் தூக்கி அடிக்கும்போதெல்லாம் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டு வருவார். கடல் அடங்கிக் கிடக்கும் நாளில் முகம் வெளுத்து இறங்குவார்.

ஒருமுறை பிள்ளைகளைக் கப்பல் காட்ட நகருக்குக் கூட்டிப்போக ஆயத்தமானோம். இறங்குதுறையில் அவர் வழிமறித்து நின்றார்.

"இண்டைக்கு ஏலாது, சேர்."

"காத்துமில்லை, அலையுமில்லை. இதைவிட நல்ல நாள் எப்ப வரும், ரீச்சர்?" என்றார் அதிபர்.

"அலை அடிச்சாப் பிள்ளையள் தூர நிப்பினம். சும்மா கிடந்தாத்தான் கிட்டப் போவினம்."

யாரும் கேட்கவில்லை. அவரும் ஏறினார். ஓரத்தில் இருந்த சின்னப் பெண்ணின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆசிரியர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நடுக்குடாவில் அந்தப் பிள்ளை தண்ணீரைத் தொட எட்டிக் குனிந்தாள். கால்கள் பலகையை விட்டுக் கிளம்பின. சட்டை கிழிந்தது. ரீச்சர் பிடியை விடவில்லை.

அன்று பின்னேரம்தான் என்னிடம் சொன்னார். சுதந்திரம் கிடைத்த மறுவருடம், அவருக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. உட்துறைமுகத்துக் கற்படியில் இருவரும் விளையாடினார்கள். கடல் கண்ணாடிபோல இருந்ததாம். அக்கா ஒரு கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பினால் படியில் தம்பி இல்லை.

"சத்தமே கேக்கேல்லை, ஜெமீலா ரீச்சர். அம்மா என்னை ஒரு வார்த்தை ஏசேல்லை. அதுக்குப் பிறகு அவன்ர பேரையே எடுக்கேல்லை. ஏசியிருக்கலாம்."

தம்பி போய் முப்பது வருடம் கழித்து அந்தத் தாய் கடைசியாகக் கிடந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். நினைவு தப்பியிருந்தது. திடீரென்று கண்ணைத் திறந்தார்.

"தம்பி எங்க, பிள்ளை?"

ரீச்சர் குனிந்து, "விளையாடுறான் அம்மா. என்னோடதான் நிக்கிறான்" என்றார்.

"தண்ணிப் பக்கம் விடாதை."

"ஓம் அம்மா. விடமாட்டன்."

தாய் கண்ணை மூடினார். ரீச்சர் எழுந்து அடுப்படிக் குசினிக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டார். நான் தட்டினேன். வெகுநேரம் திறக்கவில்லை.

இந்த அஞ்சலியை வாசிக்கும், அவரை அறிந்த உங்கள் நினைவில் அவருடைய கண்டிப்பும், அழகான கையெழுத்தும், எவரையும் நீங்கள் என்றே அழைக்கும் பண்பும் இருக்கும். என்னிடம் இருப்பது அந்த "ஓம் அம்மா". ஒன்பது வயதுப் பிள்ளையின் குரலில் சொன்னார்.