காமாலைப் பத்தியம்

பல வருடங்களாக நான் போட்டுவந்த எச்.ஐ.வி. மாத்திரைகள் ஒரு கட்டத்தில் வேலை செய்யாமல் போயின. டாக்டர் மருந்தை மாற்றினார். கிருமி தன் வாரிசுகளை அளவாக வெட்டி எடுக்க ஒரு கத்திரிக்கோல் வைத்திருக்கிறதாம். புரோட்டியேஸ் தடுப்பு மருந்து என்கிற இந்தப் புது மாத்திரை போய் அதைப் பிடித்துக்கொள்ளுமாம். நான் விழுப்புரத்தில் ஜாக்கெட் தைப்பவள். கத்திரிக்கோல் இல்லாமல் தவிப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதா? கிருமியை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

"நல்லா சாப்ட்டுட்டுத்தான் போடணும். கண்ணு மஞ்சளாவும், பயந்துடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அப்படியே ஆனது. கணவர் இறந்தபின் நான் வளவனூரில் அக்கா வீட்டில்தான் இருந்தேன். என் வியாதி அவளுக்குத் தெரியாது. எங்கள் தெருவில் ஒருவருக்கு இது என்று தெரிந்ததும் அந்த வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை. அக்காவும் ஒதுங்கிவிடுவாளோ என்ற பயத்தில் மாத்திரைகளை நூல்கண்டு டப்பாவில் ஒளித்து வைத்திருந்தேன்.

"ஐயோ, மஞ்சக் காமாலடி!" என்று அலறினாள் அக்கா. எனக்கு உள்ளுக்குள் குஷி. காமாலை மரியாதையான வியாதி. எப்படி வந்தது என்று யாரும் துருவ மாட்டார்கள். தலையாட்டிவிட்டேன். தினமும் காலையில் மோரில் கரைத்த கீழாநெல்லி தந்தாள். அதைக் கொல்லை முருங்கைமரம் குடித்தது. சாப்பாட்டில் உப்பு, புளி, எண்ணெய் மூன்றும் கிடையாது. டாக்டர் சொன்ன சாப்பாடு இது இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, மதியம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பிரியாணியோடு மாத்திரையைப் போட்டேன்.

மூன்றாவது வாரம், எனக்காக விழுப்புரம் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்ற வந்த அக்கா, கடைக்குள் என்னைப் பார்த்துவிட்டாள். என் ஒரு கையில் மாத்திரை, மறு கையில் கோழிக்கால். எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"காமாலைக்கு பிரியாணியாடி?"

கைவசம் பொய் எதுவும் இல்லை. குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். எழுந்து போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

"அப்போ இது காமாலையே இல்ல?"

"இல்லக்கா."

"அடிப்பாவி! உனக்கு ஆசை வரக்கூடாதுன்னு மூணு வாரமா நானும்தான்டி உப்பில்லாம தின்னுக்கினு இருக்கேன்!"

என் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நான் கடித்து வைத்திருந்த துண்டை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள்.