கடலுக்குத் திருப்பிய ஹோன்

கூட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். றீற்றா அக்கா மேடைக்குப் பக்கத்தில் வந்து என் சட்டையைப் பிடித்தார்.

“தம்பி, உந்த ஹோனைக் கடலுக்குத் திருப்பு. அவர் இன்னும் வரேல்ல. போனும் வேலை செய்யேல்ல.”

அவர் என்றது கணவர் சூசையை. இரவு மீன்பிடிக்கத் தனியே படகில் போனவர். தை மாதப் பனிமூட்டம் காலை ஏறியும் விலகவில்லை. கரையில் நின்றால் தண்ணீர் தெரியாது. திசை தவறினால் இந்தியப் பக்கம் போய்விடுவார்.

நான் பேசாலை என்கிற மீனவர் ஊரில் சவுண்ட்ஸ், அதாவது மைக்கும் ஒலிபெருக்கி ஹோனும், வாடகைக்கு விடுகிறவன். மாதா கோயில் பெருநாள், பள்ளிவாசல் கூட்டம், பிள்ளையார் திருவிழா, எல்லாத்துக்கும் ஒரே அம்பிளிபயர். அன்று கடற்கரையில் இளைஞர் கழகத்தின் விவாதம். கடவுள் இருக்கிறாரா? பேச்சாளர் மூன்று பேர். மாதா கோயில் பங்குச் சுவாமி. பக்கத்து ஊரான தாராபுரத்து மௌலவி. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பிய கனகு மாஸ்டர். மாஸ்டர், கடவுள் இல்லை என்கிற கட்சி.

ஒரு ஹோனைக் கடலுக்குத் திருப்பினேன். மற்றவற்றைக் கழற்றிவிட்டேன். நாலைந்து ஹோன் சேர்ந்து பேசினால் கடலில் திசை குழம்பும்.

“பாட்டுப் போடுங்கோவன்,” என்றார் கழகத் தலைவர்.

“பக்கத்து ஊரிலயும் பாட்டுப் போகுது. எந்தக் கரை எண்டு சூசை அண்ணனுக்கு எப்பிடித் தெரியும்? பேச்சுத்தான் வேணும். நிப்பாட்டாமல் பேசுங்கோ சுவாமி,” என்றேன் நான்.

முதலில் அக்காதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு அழுதுகொண்டே மைக்கை நீட்டினார்.

சுவாமி மைக்கை வாங்கினார். அசைகிற எதையும் வேறொன்று அசைக்கிறது. பின்னால் போய்க்கொண்டே இருந்தால், தான் அசையாமல் எல்லாத்தையும் அசைக்கிற ஒருவர் வேண்டும். பழைய கிரேக்கர் சொன்னதாம்.

அடுத்தது மௌலவி. தொடக்கம் உள்ளதைத் தொடக்கிவைக்க ஒருவன் வேண்டும். உலகத்துக்குத் தொடக்கம் உண்டு. இது அந்தக் கால இஸ்லாமிய அறிஞர் சிலரின் வாதம்.

“அப்ப அவனைத் தொடக்கினது ஆர்?” என்றார் மாஸ்டர்.

“தொடக்கம் இல்லாதவனுக்கு அது தேவையில்லை மாஸ்டர்.”

“அப்ப உலகத்துக்கே தொடக்கமில்லை எண்டு விடுங்கோவன். ஒரு ஆள் மிச்சம்!”

சனம் சிரித்தது. மாஸ்டர் விடவில்லை. குடம் இருந்தால் குயவன் இருப்பான் என்று இந்தியாவில் ஒரு கூட்டம் வாதாடியதாம். அதே நாட்டில் படைத்தவன் இல்லாமலே உலகத்தை விளக்கிய கூட்டமும் உண்டாம். புத்த சமயத்து அறிஞர்களும் படைத்தவனை மறுத்தார்களாம்.

எல்லாம் சொல்லி முடிந்தது. பனி விலகவில்லை. கதிரைகளில் இருந்த சனமும் எழும்பிப் போய்விட்டது. சுவாமிக்கு இருமல். மௌலவிக்குக் குரல் போய்விட்டது. மாஸ்டர் மைக்கை என்னிடம் நீட்டினார்.

“இனிச் சொல்ல ஒண்டுமில்லை.”

அக்கா கையில் செபமாலையோடு மேடையில் ஏறிவிட்டார்.

“இல்லை எண்டாவது சொல்லுங்கோ மாஸ்டர்! வாயை மூடாதேங்கோ!”

“கத்துங்கோ,” என்றார் மௌலவி, கம்மிய குரலில். “அல்லாஹ் பார்த்துக்கொள்ளுவான்.”

மாஸ்டர் கத்தினார். “கடவுள் இல்லை! கடவுள் இல்லை!” பக்கத்தில் அக்கா செபம் சொன்னார். நான் வோலியத்தைக் கூட்டினேன்.

கடைசியில் இஞ்சின் சத்தம் கேட்டது. படகு மேடைக்கு நேரே வந்து மணலில் ஏறியது. சூசை அண்ணன் நனைந்த கோழி மாதிரி இறங்கினார்.

“ஆர் கடவுள் இல்லை எண்டு கத்தினது? அந்தக் குரலைப் பிடிச்சுத்தான் வந்தனான்.”

மாஸ்டர் மணலில் குந்திவிட்டார். சுவாமி கிட்டப் போனார்.

“மாஸ்டர், உங்களைப் பேசவைச்சது ஆர்?”

“றீற்றா அக்கா.”

யார் வென்றது என்று கழகம் அறிவிக்கவில்லை. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முன்னால் கதிரை எல்லாம் வெறுமையாகிவிட்டது என்று மைக்கை நிறுத்தாதீர்கள். கேட்கிற ஆள் கடலில் இருக்கலாம்.